நேபாளத்தின் 753 உள்ளாட்சிகள்: வெளிநாட்டு நிதி யாருடைய கையை வலுப்படுத்துகிறது?

கேள்வி: ஆய்வுமாணவி

அனைவருக்கும் வணக்கம். பொது நிருவாகத்தில் முதுகலை ஆய்வேடு ஒன்றைத் தயாரித்துவருகிறேன். நேபாளம் கூட்டாட்சிக்கு மாறிய பிறகு, அங்குள்ள உள்ளாட்சிகளை வலுப்படுத்துவதற்காக வந்த வெளிநாட்டு உதவி என் ஆய்வுப் பொருள். 2015 செப்டம்பர் 20 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்பு, மத்திய அரசு, மாகாணம், உள்ளாட்சி என மூன்று அடுக்குகளை நிறுவியதோடு, எட்டாம் அட்டவணையில் 22 அதிகாரங்களை உள்ளாட்சிக்கு மட்டுமே உரியவையாக எழுதிவைத்தது. 6 மாநகராட்சிகள், 11 துணை மாநகராட்சிகள், 276 நகராட்சிகள், 460 கிராமிய நகராட்சிகள் (காவுன்பாலிகா) என்று மொத்தம் 753 உள்ளாட்சிகளுக்கு 2017இல் மூன்று கட்டங்களாகத் தேர்தல் நடந்தது.

எனக்குள்ள சிக்கல் இதுதான். திட்ட ஆவணங்களை வரிசையாகப் படிக்கும்போது, கூட்டாட்சிக்கு முன்பு எழுதப்பட்டவற்றிலும் பின்பு எழுதப்பட்டவற்றிலும் ஒரே குறைகள்தாம் சொல்லப்படுகின்றன: பணியாளர் பற்றாக்குறை, காலந்தவறிய வரவுசெலவுத் திட்டம், சொந்த வருவாய் போதாமை. எல்லாவற்றுக்கும் தீர்வாகத் 'திறன் வளர்ப்பு' என்பதையே முன்வைக்கிறார்கள். இத்தனை ஆண்டு பயிற்சிக்குப் பிறகும் அதே குறைகள் நீடிக்கின்றன என்றால், உதவி சரியாகப் போய்ச் சேரவில்லை என்று கொள்வதா, அல்லது குறையாக இருப்பது திறனே அன்று என்று கொள்வதா? கொடை நாடுகளின் நிதி மத்திய அமைச்சகத்தின் வழியாகச் செல்வது சரியா, நேரடியாக உள்ளாட்சிகளுக்குச் செல்வது சரியா என்பதிலும் தெளிவு கிடைத்தால் நல்லது. களத்தையோ சட்டத்தையோ அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: நெடுவழி

வளர்ச்சித் திட்டங்களில் ஆலோசகராகப் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் ஆய்வை 2017இல் தொடங்கினால் பாதிச் செய்தி விடுபட்டுப்போகும். நேபாளத்தில் அதற்கு முந்தைய உள்ளாட்சித் தேர்தல் 1997இல் நடந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2002இல் முடிந்ததும், மாவோயிஸ்டு போரைக் காரணம் காட்டி அதை நீட்டிக்காமல் விட்டார்கள். அதன் பின் ஏறத்தாழ 15 ஆண்டுகள், அன்றைய கிராம உள்ளாட்சிகளான கிராம வளர்ச்சிக் குழுக்களை அரசு அனுப்பிய செயலர்களே நடத்தினார்கள். உள்ளூர்க் கட்சிக்காரர்களைக் கொண்ட அனைத்துக் கட்சி ஏற்பாடு ஒன்று சில காலம் இருந்தது. நிதியைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள் என்ற முறையீடு வலுத்ததால் 2012இல் அதையும் கலைத்தார்கள்.

இந்த வெற்றிடத்தில்தான் 2008இல் உள்ளாட்சி, சமூக வளர்ச்சித் திட்டம் வந்தது. பல நாடுகளும் ஐ.நா. அமைப்புகளும் சேர்ந்து நிதியளித்த அத்திட்டம் இரண்டு கட்டங்களாக 2017 வரை நடந்தது. வார்டுதோறும் மக்கள் மன்றங்களை அமைத்தார்கள். எந்தப் பாதையைச் செப்பனிடுவது, எந்தப் பள்ளிக்குக் கூரை போடுவது என்ற முன்னுரிமைப் பட்டியலை அம்மன்றங்கள் தயாரித்தன. கூடவே, குறைந்தபட்ச நிபந்தனைகளை நிறைவேற்றாத உள்ளாட்சிக்கு மூலதன மானியத்தை நிறுத்துவதும், நன்றாகச் செயல்பட்டதற்குக் கூடுதலாகக் கொடுப்பதுமான மதிப்பீட்டு முறை ஒன்றும் இருந்தது. அதன் பயனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கணக்கு எழுதாமல் இருந்த அலுவலகங்கள் கணக்கு எழுதத் தொடங்கின. ஆனால் தேர்தல் இல்லாத நாட்டில் தேர்தலுக்கு மாற்றாக அந்த உதவி நின்றது என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு மன்றமும் திட்டத்துக்குக் கணக்குக் காட்டியது. வாக்காளருக்குக் காட்டவில்லை, ஏனென்றால் வாக்கு கேட்டு யாரும் வந்திருக்கவில்லை.

2017இல் இந்த அடித்தளம் அப்படியே கைமாறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படி நடக்கவில்லை. 3,157 கிராம வளர்ச்சிக் குழுக்களும் 217 நகராட்சிகளும் மறைந்து, அவற்றின் எல்லைகளை இணைத்தும் பிரித்தும் புதிய உள்ளாட்சிகள் உருவாயின. பயிற்சி பெற்றிருந்த செயலர்கள் மூலைக்கு ஒருவராகச் சிதறினார்கள். வார்டு ஒவ்வொன்றிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவர் (அவர்களில் இருவர் பெண்கள்; அவ்விருவரில் ஒருவர் தலித் பெண்) வந்து அமர்ந்ததும், மக்கள் மன்றங்களுக்கு வேலை இல்லாமற்போயிற்று. ஆகவே உங்கள் ஆவணங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருவதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு: 2010இல் பற்றாக்குறையாக இருந்த பணியாளரும் 2020இல் பற்றாக்குறையாக இருந்த பணியாளரும் வெவ்வேறு அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். முந்தையவர் ஒரு கிராமத்துக்குச் சான்றிதழ் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பிந்தையவர் உயர்நிலைப் பள்ளிக் கல்வியையும் அடிப்படை நலவாழ்வையும் நிருவகிக்க வேண்டியிருந்தது.

இனி 2019இல் தொடங்கிய மாகாண, உள்ளாட்சி ஆளுகை ஆதரவுத் திட்டத்துக்கு வருவோம். உங்கள் ஆய்வின் மையம் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 13 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில் திட்டமிடப்பட்ட அதில் 3 கோடி நேபாள அரசினுடையது. மீதி 10 கோடியை ஐரோப்பிய ஒன்றியம், நார்வே, சுவிட்சர்லாந்து, பிரிட்டன் முதலான கூட்டாளிகள் ஏற்றார்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டம் தொழில்நுட்ப உதவியை வழங்கியது. ஏழு மாகாணங்களிலும் நல்லாட்சிக்கான பயிற்சி மையங்கள் அமைந்தன. புதுமையான முயற்சிகளுக்குப் போட்டி முறையில் பணம் கொடுக்கும் நிதியம் ஒன்றும் அதில் இருந்தது. தாளில் பார்த்தால் மாகாணத்தை நடுவில் வைத்த நல்ல வடிவமைப்புத்தான்.

ஆனால் அத்திட்டத்தின் வீடு காத்மாண்டுவில் உள்ள கூட்டாட்சி விவகார, பொது நிருவாக அமைச்சகம். அதே அமைச்சகம்தான் ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் தலைமை நிருவாக அலுவலரை அனுப்புகிறது. அதுவே அவரை மாற்றுகிறது. உள்ளாட்சிகளுக்குச் சுற்றறிக்கை விடுவதும் அதுதான். உள்ளாட்சிகள் தம்மைத் தாமே மதிப்பிட்டுக்கொள்ளும் முறையையும் (பத்துத் துறைகள், நூறு குறியீடுகள்) அதுவே வகுத்து நடத்துகிறது. பழைய ஒற்றையாட்சியில் உள்ளாட்சிகளுக்குத் தாய் அமைச்சகமாக இருந்த ஓர் அலுவலகம், கூட்டாட்சி வந்த பின் அந்த நிலையை விட்டு இறங்க வேண்டியிருந்த நேரத்தில், தொடர்ந்து தாயாகவே இருப்பதற்கான காரணத்தையும் பணத்தையும் வெளிநாட்டு உதவி அதற்கு வழங்கியது என்பது என் கருத்து. யாருடைய அதிகாரம் கீழே பிரிந்துபோக வேண்டுமோ, அவருடைய கைவழியாகவே அதிகாரப் பகிர்வுக்கான உதவியும் செல்கிறது. அமைச்சகத்தில் இருந்தவர்கள் தீயவர்கள் என்று நான் சொல்லவில்லை. எந்த அமைச்சகமும் தன்னைத் தேவையற்றதாக ஆக்கிக்கொள்ளும் திட்டத்தை விரைந்து நடத்தியதாகச் சான்று இல்லை.

பயிற்சி பற்றியும் ஒரு சொல். 2017இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்து முடிப்பதற்குள் 2022 மே 13 வந்துவிட்டது. அன்று நடந்த தேர்தலில் புதிய முகங்கள் ஏராளம். அவர்களுக்கு மறுபடி முதல் பாடம். மக்களாட்சியில் இது இயல்பே. அதனால்தான் மாறாமல் தொடரும் பணியாளர் குழு இன்றியமையாதது. அந்தக் குழுவோ உள்ளாட்சியின் கையில் இல்லை. கணினித் தகவல் அலுவலர்களைக்கூட ஒப்பந்த அடிப்படையில், திட்ட நிதியைக் கொண்டே பல காலம் வைத்திருந்தார்கள்.

பதில் 2: வரவுசெலவு

நெடுவழி அவர்கள் சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பில்லை. முடிவில் மட்டும் வேறுபடுகிறேன். வெளிநாட்டு உதவி எந்த வழியாகப் போகிறது என்பது இரண்டாம் நிலைக் கேள்வி. உள்ளாட்சிக்கு வரும் மொத்தப் பணத்தோடு ஒப்பிட்டால் அந்த உதவி சிறிது. பெரிய பணம் எப்படி வருகிறது என்பதைப் பார்த்தால்தான் சிறிய பணத்தால் எதை அசைக்க முடியும், எதை முடியாது என்பது விளங்கும்.

மதிப்புக்கூட்டு வரியிலும் உள்நாட்டு கலால் வரியிலும் 70 விழுக்காடு மத்திய அரசுக்கு, 15 மாகாணங்களுக்கு, 15 உள்ளாட்சிகளுக்கு. இயற்கை வள உரிமத் தொகையில் 50, 25, 25. இவை சட்டப்படி வரும் பங்குகள். இவற்றுக்கு மேல் நான்கு வகை மானியங்கள் உள்ளன: சமன்படுத்தும் மானியம், நிபந்தனை மானியம், இணை மானியம், சிறப்பு மானியம். சமன்படுத்தும் மானியத்தைத் தேசிய இயற்கை வள, நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி பகிர்கிறார்கள். அதை உள்ளாட்சி தன் விருப்பப்படி செலவிடலாம். நிபந்தனை மானியத்தில் அந்த உரிமை இல்லை. ஆசிரியர் சம்பளம் நிபந்தனை மானியமாக வந்து, நகராட்சியின் கணக்கைத் தொட்டுவிட்டு, அப்படியே வெளியேறுகிறது. உள்ளாட்சிகள் பெறும் மானியங்களில் பெரிய பங்கு இந்த நிபந்தனை மானியமே. நகராட்சித் தலைவர் ஒருவர் பார்வைக்குப் பெரிய தொகையை நிருவகிப்பவராகத் தெரிந்தாலும், உண்மையில் அவர் முடிவெடுக்கக்கூடிய தொகை அதில் ஒரு சிறு துண்டு. வருவாய் குறைந்த 2022-23 நிதியாண்டில் அந்தச் சமன்படுத்தும் மானியத்தையும் மத்திய அரசு முழுமையாக விடுவிக்காமல் குறைத்துக்கொண்டது. எந்தப் பயிற்சி வகுப்பும் இதைச் சரிசெய்யாது.

காலந்தவறும் வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி மாணவி கேட்டிருந்தார். மத்திய அரசின் வரவுசெலவுத் திட்டம் ஜேட் மாதம் 15ஆம் நாள், அதாவது மே மாதக் கடைசியில், நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. உள்ளாட்சி தன்னுடையதை அசார் 10க்குள், அதாவது ஜூன் கடைசி வாரத்தில், தன் சபையில் வைத்தாக வேண்டும். நிபந்தனை மானியத்தில் என்னென்ன இனங்கள் வருகின்றன என்று உறுதியாகத் தெரிந்த பிறகு நான்கு வாரம்கூட இல்லை. அந்த இடைவெளியில் வார்டுக் கூட்டங்களிலிருந்து திட்டங்களைத் திரட்டி, துணைத் தலைவர் ஒருங்கிணைக்கும் வரவுசெலவுக் குழுவில் விவாதித்து, சபைக்குக் கொண்டுவர வேண்டும். குறித்த நாளைத் தவறவிடுபவற்றில் மதேஷ் மாகாணத்து உள்ளாட்சிகள் பல ஆண்டுகளில் அதிகமாக இருந்தன. அங்கே தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் வார்டுத் தலைவர்களுக்கும் இடையே திட்டப் பங்கீட்டில் எழும் பூசலே பெரும்பாலும் காரணம். இதையும் திறன் குறைவு என்ற தலைப்பின் கீழ் எழுதிவிடுகிறார்கள். அது அரசியல்.

பிறகு செலவு. நிதியாண்டு ஜூலை நடுவில் முடிகிறது. ஆண்டு முழுவதும் படுத்திருந்த பணிகள் கடைசி மாதமான அசாரில், மழை கொட்டும்போது, அவசர அவசரமாக நடக்கும். இதை நேபாளிகள் 'அசாரே விகாஸ்' என்று கேலியாகச் சொல்வார்கள். அசார் மாதத்து வளர்ச்சி என்று பொருள் கொள்ளலாம். மலைச்சரிவை முறையான ஆய்வின்றி இயந்திரத்தால் வெட்டிப் பாதை போடுவதற்கு 'டோசர் விகாஸ்' என்று மற்றொரு பெயர். பாதை அடுத்த மழையில் சரிந்தால் அதுவும் ஒரு திட்டமாக மறுபடி பட்டியலில் ஏறும்.

இத்தனைக்கும் நடுவில் வெளிநாட்டு உதவியால் விளைந்த நன்மை என்று எதைச் சொல்லலாம்? என் மதிப்பில் முதலிடம் 'சூத்ரா' என்ற கணக்கு மென்பொருளுக்கு. நிதிக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் நடத்தும் அந்த மென்பொருளைப் பரவலாக்குவதில் வெளிநாட்டு உதவியும் துணைநின்றது. ஒவ்வோர் உள்ளாட்சியும் தன்விருப்பப்படி கணக்கு எழுதிக்கொண்டிருந்த நிலை போய், ஒரே தலைப்புகளில், ஒரே வடிவில் எழுதும் நிலை வந்தது. தலைமைக் கணக்குத் தணிக்கையரின் ஆண்டறிக்கையில் உள்ளாட்சிகளின் 'பேருஜு', அதாவது தீர்க்கப்படாத தணிக்கைத் தடைகள், இன்று உள்ளாட்சிவாரியாகப் பேசப்படுகின்றன. கண்ணைக் கவராத வேலைதான். இருந்தாலும் தலைவரின் தலைமைப் பண்பை வளர்க்க உணவக அரங்குகளில் நடந்த பயிலரங்குகள் அனைத்தையும்விட இது மேல் என்பேன்.

பதில் 3: செங்காந்தள்

இருவர் எழுதியதையும் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது, அமைச்சகத்தை விட்டுவிட்டு நேரடியாக உள்ளாட்சிகளுக்கே கொடுத்துவிடலாமே என்பதுதான். சொந்த அரசமைப்பு அதிகாரம் உள்ள ஓர் அரசு, தனக்கு வேண்டிய உதவியைத் தானே பேசிப் பெறுவதில் என்ன தவறு இருக்கிறது? பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்கள் ஏற்கெனவே பல நகராட்சிகளோடு நேரடியாகத்தானே பணியாற்றுகின்றன? காத்மாண்டுவில் தங்கிவிடும் பணத்தைவிட, தொலைவான மலை மாவட்டமான ஜும்லாவுக்குப் போய்ச் சேரும் பணம் சிறிதாக இருந்தாலும் பயன் அதிகம் அல்லவா?

பதில் 4: நெடுவழி

செங்காந்தள் அவர்களுக்கு: சட்டம் அதற்கு இடம் தரவில்லை. அரசமைப்பின் 59ஆம் பிரிவு வெளிநாட்டு உதவியும் கடனும் பெறும் அதிகாரத்தை நேபாள அரசுக்கு, அதாவது மத்திய அரசுக்கு, அளிக்கிறது. நாட்டின் பொருளாதார நிலைத்தன்மையைக் கருதி அது பெறப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. அரசுகளுக்கிடையிலான நிதி ஏற்பாட்டுச் சட்டப்படி மாகாணமும் உள்ளாட்சியும் மத்திய அரசின் இசைவோடுதான் வெளிநாட்டு உதவித் திட்டத்தை நடத்தலாம். 753 உள்ளாட்சிகளும் தனித்தனியாகக் கடன் பேசத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற அச்சம் நியாயமானதே.

தொண்டு நிறுவனங்களின் நேரடிப் பணியைப் பற்றிச் சொன்னீர்கள். அவற்றின் பணம் பெரும்பாலும் உள்ளாட்சியின் வரவுசெலவுக் கணக்குக்குள் வருவதே இல்லை. உள்ளூர்த் தொண்டு நிறுவனம் ஒன்றின் கணக்குக்குச் சென்று, அதன் பணியாளர்களால் செலவிடப்படுகிறது. நகராட்சி ஓர் ஒப்புதல் கடிதம் கொடுக்கிறது. நிறைவு விழாவுக்குத் தலைவர் வருகிறார். இவ்வகைத் திட்டங்களின் ஆண்டு நேபாள நிதியாண்டோடு பொருந்துவதில்லை. ஊட்டச்சத்துக்கு ஒரு நிறுவனம், குடிநீருக்கு ஒன்று, பேரிடர் ஆயத்தத்துக்கு ஒன்று என்று வந்து, ஒவ்வொன்றும் தனித்தனித் திட்ட ஆவணத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகின்றன. சாலையோரமாக உள்ள, போய்வர எளிதான உள்ளாட்சிகளில் இவை குவிவதும், கர்ணாலி மாகாணத்தின் தொலைவான பகுதிகளில் குறைவதும் இயல்பாகவே நடக்கின்றன. நேரடி உதவி எல்லா இடத்துக்கும் சமமாகப் போகும் என்ற எண்ணத்துக்குக் களத்தில் ஆதாரம் இல்லை.

2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, நேபாளத்தில் அந்நிதியில் நடந்துகொண்டிருந்த நலவாழ்வு, ஊட்டச்சத்து, கல்வித் திட்டங்கள் இடையிலேயே நின்றன. நகராட்சியின் சொந்தத் திட்டத்துக்குள் ஒரு வேலை இடம்பெற்றிருந்தால், நிதி குறைந்தாலும் அதைச் சுருக்கியாவது நடத்த வழியிருக்கும். வெளியே நடந்த வேலையைத் தொடர்வதற்கு அதைச் செய்தவர்கள்கூட அங்கே இருக்க மாட்டார்கள். அமைச்சகத்தின் வழியே போகும் கூட்டு நிதியை நான் குறைகூறியிருந்தாலும், அரசின் கணக்குக்குள் வருகிறது என்ற ஒரே காரணத்தால் அதையே தேர்வேன். மாற்ற வேண்டியது அதன் உள்ளமைப்பை.

பதில் 5: சட்டப்படிப்பு

இதுவரை நிதியையும் பணியாளரையும் பற்றியே பேச்சு போனதால் சட்டத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். இந்தியாவில் 73ஆம் திருத்தத்துக்குப் பிறகும் ஊராட்சிக்கு எந்த அதிகாரத்தைக் கொடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றம் முடிவுசெய்கிறது. நேபாளத்தில் அரசமைப்பே உள்ளாட்சிக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது. அங்கே உள்ளாட்சியின் சபை இயற்றுவது சட்டம். தீர்மானம் என்று அதைச் சுருக்கிவிட முடியாது. அந்த அளவுக்கு உயர்ந்த இடம் தாளில் இருப்பதால், நடைமுறைக்கும் அதற்கும் உள்ள தொலைவு கூடுதலாகத் தெரிகிறது.

உயர்நிலைப் பள்ளி வரையிலான கல்வி எட்டாம் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் 2023 செப்டம்பரில் பள்ளிக் கல்வி மசோதா வந்தபோது, ஆசிரியர்கள் உள்ளாட்சியின் கீழ் தங்களை வைக்கக் கூடாது என்று காத்மாண்டு வீதிகளில் இறங்கினார்கள். 2025 ஏப்ரலிலும் நீண்ட போராட்டம் நடந்தது. உள்ளூர் அரசியலுக்கு அஞ்சும் ஆசிரியரின் கவலையை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். கூட்டாட்சிக் குடிமைப் பணிச் சட்டமும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. இந்த இரண்டு சட்டங்களும் இல்லாமல் உள்ளாட்சியின் கல்விப் பிரிவுக்குப் பயிற்சி கொடுப்பதென்றால், எதை நிருவகிக்க அந்தப் பயிற்சி?

உதவி நன்றாகப் பொருந்திய இடமும் ஒன்று உண்டு. அரசமைப்பின் 217ஆம் பிரிவு, துணைத் தலைவரின் தலைமையில் மூவர் கொண்ட நீதிக் குழுவை ஒவ்வோர் உள்ளாட்சியிலும் அமைக்கிறது. 2017ஆம் ஆண்டு உள்ளாட்சிச் செயற்பாட்டுச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி 13 வகை வழக்குகளில் அக்குழு தீர்ப்பளிக்கலாம். வேறு 11 வகைகளில் சமரசம் மட்டும் செய்யலாம். தலைவர், துணைத் தலைவர் பதவிகள் இரண்டுக்கும் ஒரு கட்சி வேட்பாளர்களை நிறுத்தினால் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற விதியால், 2017இல் துணைத் தலைவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களாக இருந்தார்கள். வரப்புத் தகராறு, வாய்க்கால் நீர், முதியோரைப் பிள்ளைகள் கைவிடுவது போன்ற வழக்குகள் சட்டம் படிக்காத அவர்கள் முன் வந்து நின்றன. சமரசர்களைப் பயிற்றுவித்து வார்டு அளவில் மையங்களை நடத்திய அனுபவம் வெளிநாட்டு உதவித் திட்டங்களிடம் கூட்டாட்சிக்கு முன்பிருந்தே இருந்தது. ஜப்பானிய உதவியுடன் சிந்துலி, மகோத்தரி மாவட்டங்களில் நடந்த சமூக சமரசத் திட்டம் ஓர் எடுத்துக்காட்டு. சட்டம் தெளிவாகவும், செய்ய வேண்டியவர் யார் என்பது உறுதியாகவும் இருந்ததால் இங்கே பயிற்சி வேர்பிடித்தது. 2022இல் கட்சிகள் கூட்டணி அமைத்து ஆளுக்கொரு பதவியைப் பிரித்துக்கொண்டதால் அந்த விதி பொருந்தாமற்போய், பெண் துணைத் தலைவர்களின் எண்ணிக்கை குறைந்தது. பயிற்சி பெற்றிருந்த பலரைக் கட்சிகளே கைவிட்டன.

கேள்வி தொடர்ச்சி: ஆய்வுமாணவி

மிக்க நன்றி. நான் ஒரே கேள்வியாக நினைத்திருந்தது நான்கைந்தாகப் பிரிந்துவிட்டது. நெடுவழி ஐயா, கூட்டு நிதியின் உள்ளமைப்பை மாற்ற வேண்டும் என்றீர்கள். எப்படி என்று சொல்ல இயலுமா? ஆய்வுக்கு எத்தகைய உள்ளாட்சிகளைத் தேர்வது என்றும் வழிகாட்டினால் உதவியாக இருக்கும். மேலும், உள்ளாட்சிகள் தாமே மதிப்பிட்டுக்கொண்ட மதிப்பெண்களை அளவுகோலாகக் கொள்ளலாமா?

பதில் 6: நெடுவழி

மதிப்பெண்களை மட்டும் நம்ப வேண்டாம். அவை தாமே இட்டுக்கொள்பவை; முதலாண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் இடையில் ஏறும் எண் பெரும்பாலும் கோப்புகளைச் சேர்த்து வைக்கப் பழகியதைக் காட்டும். அதே உள்ளாட்சியைப் பற்றித் தணிக்கையர் என்ன எழுதியிருக்கிறார் என்பதைப் பக்கத்தில் வைத்துப் படித்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியே உங்களுக்கு ஒரு கண்டறிதலாக அமையும்.

உள்ளமைப்பைப் பொறுத்தவரை என் கருத்து சுருக்கமானது. பயிற்சிக்கென்று ஒதுக்கும் பணத்தைக் காத்மாண்டுவிலோ மாகாணத் தலைநகரிலோ பாடத்திட்டமாக மாற்றாமல், உள்ளாட்சிக்கே கொடுத்து, தனக்கு வேண்டிய பயிற்சியையோ பொறியாளரையோ அதுவே விலைக்கு வாங்கட்டும் என்று விட வேண்டும். மாகாணப் பயிற்சி மையத்திலிருந்து வாங்குவதா, பல்கலைக்கழகத்திலிருந்தா, அண்டை நகராட்சியில் நன்றாக வேலை செய்யும் கணக்கரிடமிருந்தா என்பதை அது முடிவுசெய்யும். சிறிய உள்ளாட்சிகள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரு பொறியாளரை அமர்த்திக்கொள்ளவும் இது வழிவிடும். தவறான பயிற்சியை வாங்குவார்கள் என்ற எதிர்ப்பு வரும். வாங்கட்டும், வாக்காளர் கேட்பார். இப்போது பயிற்சி பயனற்றுப்போனால் யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. இரண்டாவது, தலைமை நிருவாக அலுவலரைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்பதைக் கொடை நாடுகள் உடன்பாட்டிலேயே கோரலாம். பண உதவியைவிட அது கடினமான கோரிக்கை என்பதால்தான் யாரும் கோருவதில்லை என்று நினைக்கிறேன்.

காலமும் குறைவு. நேபாளம் மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து 2026 நவம்பரில் வெளியேறுவது என்று ஐ.நா. பொதுச்சபை 2021இல் முடிவுசெய்தது. மானியமாக வரும் உதவி அதன் பிறகு மெல்லக் குறைந்து, கடனின் பங்கு கூடும் என்று எதிர்பார்க்கலாம். கடன் வாங்கிப் பயிலரங்கு நடத்துவதை எந்த நிதி அமைச்சரும் விரும்ப மாட்டார்.

உள்ளாட்சித் தேர்வுக்கு: மதேஷில் ஒன்று, கர்ணாலியில் ஒன்று, நெடுஞ்சாலையோரம் வளர்ந்த நகராட்சி ஒன்று எடுங்கள். மூன்றாவது ஏன் என்றால், வீட்டு வாடகை வரி, தொழில் வரி, மணல், கல், சரளை விற்பனை என்று சொந்த வருவாய் உள்ள ஓர் உள்ளாட்சி வெளிநாட்டு உதவியை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதும், மானியத்தையே நம்பியுள்ள ஓர் உள்ளாட்சி எப்படிப் பயன்படுத்துகிறது என்பதும் அடியோடு வேறு. வருவாய்க்காகச் சுரே மலையடிவாரத்து ஆறுகளை வரம்பின்றித் தோண்டவிடும் நகராட்சிகளும் உண்டு. சொந்த வருவாய் வளர்ச்சிக்கு அப்படியொரு முகமும் இருப்பதால், அந்த எண் ஏறுவதை மட்டும் வைத்து மதிப்பிட்டுவிடாதீர்கள். மூன்றிலும் 2017 முதல் தலைமை நிருவாக அலுவலர் எத்தனை பேர் மாறினார்கள் என்ற பட்டியலை முதலில் தயாரியுங்கள். பயிற்சி எண்ணிக்கையை அதற்கு அடுத்த வரிசையில் எழுதுங்கள். உள்ளாட்சிகளின் வலைத்தளங்களில் சபை முடிவுகளும் வரவுசெலவுத் திட்டமும் நேபாளி மொழியில், விக்ரம நாட்காட்டிப்படி வெளியாகின்றன. அவர்களுடைய 2074-75 நிதியாண்டு என்பது நம் 2017 ஜூலை நடுவிலிருந்து 2018 ஜூலை நடுவரை. அட்டவணை போடும்போது இதைக் கவனிக்காவிட்டால் தேர்தல் ஆண்டும் நிதியாண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.